மூன்று சுற்றுக்கு ஒரு திக்கல்: எடிசன் தட்டு இயந்திரமும் ஓர் அடாப்டரும்

"பாட்டு நல்லாத்தான் ஆரம்பிக்குது தம்பி. ரெண்டு நிமிஷம் ஆகறதுக்குள்ள திக்க ஆரம்பிச்சுடுது. ரெண்டு வார்த்தை போகும், கடைசி வார்த்தை திரும்ப வரும். மறுபடி ரெண்டு வார்த்தை."

இயந்திரத்தின் உரிமையாளர் தொலைபேசியில் சொன்ன முதல் புகார் இது. அதை நான் முழுதாகக் காதில் வாங்கியிருந்தால் இரண்டு நாள் மிச்சமாகியிருக்கும். "திக்குது" என்றதும் ஊசியைச் சந்தேகித்தேன். தட்டில் கீறலாக இருக்கலாம் என்றும் நினைத்தேன். பழைய கிராமபோன்களில் பத்துக்கு எட்டு புகார் அந்த இரண்டில்தான் முடியும். அவர் சொன்ன சொற்களிலேயே விடை இருந்தது என்பது பிறகுதான் புரிந்தது.

வந்து சேர்ந்தவை

அலமாரி வடிவிலான எடிசன் டைமண்ட் டிஸ்க் இயந்திரம் ஒன்று. ஸ்பிரிங் மோட்டார் நல்ல நிலையில் இருந்தது. ஒரு முறை சாவி கொடுத்தால் ஒரு தட்டு முழுக்க வேகம் குறையாமல் ஓடியது. அதோடு, வேறு வகைத் தட்டுகளையும் அதே இயந்திரத்தில் பாட வைக்க மாட்டும் நிக்கல் பூசிய ஓர் அடாப்டர். தயாரித்தவர் பெயரோ காப்புரிமை எண்ணோ அதில் இல்லை. கூடவே பெட்டி நிறையத் தட்டுகள்: 19 சாதாரண அரக்குத் தட்டுகள், 8 எடிசன் தட்டுகள், 4 பாத்தே தட்டுகள்.

"எல்லாத்தையும் இது பாடும்னுதான் எங்க தாத்தா சொல்வார்" என்றார் உரிமையாளர். தாத்தா சொன்னதில் பாதி உண்மை. மீதியைக் கண்டுபிடிக்கத்தான் இந்த வேலை.

இத்தனை வகைத் தட்டுகள் ஏன் வந்தன என்பதற்குக் கொஞ்சம் பின்னணி வேண்டும். எடிசன் 1877-இல் தகரத்தாளில் ஒலியைப் பதித்தபோது ஊசி மேலும் கீழுமாக அசைந்து பள்ளத்தின் ஆழத்தை மாற்றியது. பிறகு வந்த மெழுகு உருளைகளும் அதே வழிதான். 1887-இல் எமில் பெர்லினர் தட்டையான வட்டுக்குப் போனபோது ஊசியைப் பக்கவாட்டில் அசைய விட்டார். அவர் முறையில் பள்ளத்தின் ஆழம் மாறாது, தடம் நெளிந்து நெளிந்து போகும். விக்டர், கொலம்பியா போன்ற பெரிய கம்பெனிகள் இந்தப் பக்கவாட்டு முறையைக் காப்புரிமைகளால் வேலி போட்டுக் காத்தன. வேலிக்கு வெளியே நின்றவர்கள் மேடு-பள்ள முறையிலேயே தட்டு போட்டார்கள். பிரான்சின் பாத்தே அப்படித்தான். 1912-இல் தட்டு உலகுக்குள் வந்த எடிசனும் தன் பழைய மேடு-பள்ளத்தை விடவில்லை. ஆக ஒரே கடையில் வாங்கிய மூன்று தட்டுகளுக்கு மூன்று இயந்திரம் தேவைப்பட்ட காலம் அது. அந்தச் சந்தில்தான் அடாப்டர் வியாபாரம் நுழைந்தது.

முதலில் தட்டுகளைப் பிரித்தது

எடிசன் தட்டை அடையாளம் காண லென்ஸ் வேண்டாம், கை போதும். கால் அங்குலத் தடிப்பு, ஓடு போன்ற கனம். மற்றவற்றை லென்ஸில் பார்த்தேன். பக்கவாட்டுத் தடம் நூல் நெளிவது போலத் தெரியும். மேடு-பள்ளத் தடம் நேராக ஓடும், அதன் அகலம் மட்டும் கூடிக் குறையும்.

பாத்தே நான்கில் இரண்டுக்குக் காகித லேபிளே கிடையாது. எழுத்துகள் தட்டிலேயே பொறிக்கப்பட்டிருந்தன. அவை நடுவிலிருந்து தொடங்கி வெளிவிளிம்பில் முடியும் பழைய வகை. அவற்றை அப்போதே தனியாக வைத்துவிட்டேன். எடிசன் இயந்திரத்தில் அவற்றுக்கு எந்த அடாப்டரும் உதவாது. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

அடாப்டர் எதை மாற்றுகிறது

ஒரு தட்டு பாட மூன்று விஷயங்கள் பொருந்த வேண்டும். ஊசியின் அசைவை ஒலியாக்கும் சவ்வு, ஊசி அசையும் திசைக்கு ஏற்றபடி நிற்க வேண்டும். ஊசி முனை பள்ளத்தின் அளவுக்கு இருக்க வேண்டும். தட்டின் குறுக்கே அந்த ஊசியை நகர்த்திச் செல்ல ஓர் ஏற்பாடு வேண்டும்.

முதலாவது எல்லோருக்கும் தெரியும். பக்கவாட்டுத் தட்டுக்குச் சவ்வு செங்குத்தாக, தடத்தின் போக்கோடு இணையாக நிற்கும். மேடு-பள்ளத் தட்டுக்குச் சவ்வு தட்டைப் பார்த்துப் படுத்திருக்கும். சவ்வையும் ஊசியையும் தாங்கும் சவுண்ட் பாக்ஸை 90 பாகை திருப்பினால் ஒன்று மற்றதாகிவிடும். 1910-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் வந்த 'எல்லாத் தட்டும் பாடும்' இயந்திரங்களின் சூட்சுமம் பெரும்பாலும் இவ்வளவுதான். பிரன்சுவிக் கம்பெனியின் அல்டோனா தலை அவற்றில் பேர் பெற்றது. கையால் ஒரு திருப்பு, அடுத்த வகைத் தட்டுக்குத் தயார்.

இரண்டாவதைப் பலர் பாதிதான் கவனிக்கிறார்கள். சாதாரண அரக்குத் தட்டுக்கு எஃகு ஊசி. தட்டிலேயே கல்தூள் கலந்திருக்கும். முதல் சில சுற்றுகளில் அது ஊசி முனையைத் தேய்த்துப் பள்ளத்தின் வடிவுக்குக் கொண்டுவந்துவிடும். அதனால்தான் பக்கத்துக்கு ஓர் ஊசி என்ற கணக்கு. பாத்தேக்கு உருண்டையான சபையர் முனை. அதன் பள்ளம் அகலமானது, இன்று அந்தத் தட்டுகளை நகலெடுப்பவர்கள் ஏறத்தாழ 0.2 மி.மீ. ஆரமுள்ள முனையைப் பயன்படுத்துகிறார்கள். எடிசனுக்கு அதில் பாதிக்கும் குறைவான ஆரமுள்ள வைரம். எஃகு ஊசியை எடிசன் தட்டில் வைத்தால் தட்டு போச்சு. எடிசன் வைரத்தை அரக்குத் தட்டில் வைத்தாலும் அதே கதிதான். தன் தட்டுகளை வேறு இயந்திரத்தில் போடாதீர்கள், போட்டுக் கெட்டால் பொறுப்பில்லை என்று எடிசன் கம்பெனி எச்சரித்தது. வியாபாரத் தந்திரம் என்று அன்று சிலர் முணுமுணுத்திருக்கலாம். லென்ஸ் வழியாக ஒரு தடவை பார்த்தவர்கள் முணுமுணுக்க மாட்டார்கள்.

இந்தப் புகாரின் வேர் மூன்றாவதில் இருந்தது.

விக்டர் வகை இயந்திரத்தில், சவுண்ட் பாக்ஸைத் தாங்கும் குழாயான டோன் ஆர்மை யாரும் ஓட்டுவதில்லை. பள்ளத்தின் சுவரே ஊசியைத் தள்ளி உள்ளே கொண்டுபோகும். எடிசன் இதை ஏற்கவில்லை. அவருடைய தடங்கள் அங்குலத்துக்கு 150. அதாவது ஒரு தடத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 0.17 மி.மீ.தான். அவ்வளவு மெல்லிய சுவரை நம்பி ஒரு கைப்பிடிக் கனத்தை இழுக்க விடாமல், மோட்டாரிலிருந்தே பற்சக்கரம் வைத்து, ஒலியைப் பெருக்கும் கொம்பு முழுவதையும் நகர்த்தினார். லீவரைத் தாழ்த்தினால் கொம்பு இறங்கும், பல் பிடிக்கும், சுற்றுக்கு அங்குலத்தில் 150-இல் ஒரு பங்கு என்று கொம்பு உள்நோக்கிப் போகும். ஊசிக்குப் பாடுவது மட்டுமே வேலை.

எடிசன் தட்டுக்கு அருமையான ஏற்பாடு. அதில் அரக்குத் தட்டை வைத்தால்தான் சிக்கல்.

நான் தவறிய இடங்கள்

அடாப்டரின் அமைப்பு எளிமையானது. ஒரு குழாய் கொம்பின் வாயில் கீழிருந்து செங்குத்தாக நுழைகிறது. பிறகு கிடையாகத் திரும்பி 110 மி.மீ. நீளும் ஒரு சிறு கையாகிறது. அதன் முனையில் சவுண்ட் பாக்ஸ். கொம்பின் வாயில் நுழையும் மூட்டில் அந்தக் கை இடம் வலமாகச் சுழலும். சவுண்ட் பாக்ஸுக்குப் பின்னால் ஒரு கீல், ஊசி மேலும் கீழும் ஏறி இறங்க. இதே தத்துவத்தில் அன்று பல அடாப்டர்கள் விற்பனைக்கு வந்தன. கென்ட் என்ற பெயரில் வந்தது எடிசன் சேகரிப்பாளர்களுக்கு நன்றாகப் பழக்கமானது.

முதலில் புது ஊசி போட்டேன். திக்கியது. இயந்திரத்தை மட்டம் பார்த்தேன், ஒரு காலுக்கு அடியில் அட்டை வைக்க வேண்டியிருந்தது. மட்டமான பிறகும் திக்கியது. வேறு தட்டு போட்டேன். அதுவும் திக்கியது, ஆனால் வேறு நேரத்தில். முதல் தட்டு 1 நிமிடம் 50 நொடிவாக்கில் தொடங்கியது என்றால் இரண்டாவது தட்டு 1 நிமிடம் 10 நொடியிலேயே தொடங்கிவிட்டது. ஆளுக்கொரு நேரத்தில் திக்கினால் தட்டின் குற்றம் என்று தோன்றுமல்லவா? எனக்கும் தோன்றியது. தட்டுகளைக் கழுவினேன். அரக்குத் தட்டில் ஆல்கஹால் படக்கூடாது, அரக்கு கரைந்துவிடும். துளி சோப்பு கலந்த தண்ணீரில் லேபிள் நனையாமல் துடைத்துக் காய வைத்தேன். தட்டுகள் பளபளவென்று ஆனதைத் தவிர வேறு மாற்றமில்லை.

அடுத்து கனத்தைப் பார்த்தேன். சிறிய தராசில் ஊசியை இறக்கியபோது கொம்பின் லீவரை எவ்வளவு தாழ்த்துகிறேனோ அதற்கேற்ப எண் மாறியது. கீல் இறுகிப்போயிருந்தது என்று அர்த்தம். கீல் வேலை செய்யாவிட்டால் சவுண்ட் பாக்ஸின் கனத்தோடு கொம்பின் கனமும் ஊசி மேல் ஏறும். மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவைத்து இளக்கினேன். பிறகு தராசு லீவர் எங்கே இருந்தாலும் 140 கிராமில் நின்றது. அரக்குத் தட்டு தாங்கும் எடைதான். செய்ய வேண்டிய வேலைதான் அது. ஆனால் திக்கல் போகவில்லை.

கூடவே இன்னொன்றையும் கவனித்தேன். டர்ன்டேபிள் மேல் உடைந்த எடிசன் தட்டு ஒன்றை யாரோ நிரந்தரமாக வைத்திருந்தார்கள். காரணம் புரிந்தது. இயந்திரத்தின் உயரம் கால் அங்குலத் தட்டுக்காக அமைந்தது. அரக்குத் தட்டு அதில் பாதி தடிப்புகூட இருக்காது, ஆகவே ஊசி எட்டாது. அதற்கு முட்டுக்கொடுத்திருக்கிறார்கள். யோசனை சரி, பொருள் தப்பு. வழவழப்பான எடிசன் தட்டின் மேல் அரக்குத் தட்டு வழுக்கும், வழுக்கினால் சுருதி ஆடும். அதை எடுத்துவிட்டு அந்த உயரத்துக்குக் கம்பளித் துணியை வட்டமாக வெட்டி அடுக்கினேன்.

சுழல் மூட்டையும் கையால் அசைத்துப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு திரும்பியது. 'மூட்டு சரி' என்று குறிப்பேட்டில் எழுதினேன். அந்த இரண்டு சொல்தான் இந்த வேலையில் நான் எழுதிய மிகப் பெரிய பொய். எந்தப் பக்கம் அசைத்தேன் என்று எழுதவில்லை.

திக்கலை எண்ணியது

மூன்றாம் நாள், வேறு வழியில்லாமல், திக்கலைக் கேட்காமல் எண்ணத் தொடங்கினேன். தட்டின் லேபிளில் வெள்ளைச் சுண்ணாம்புப் புள்ளி ஒன்று வைத்து, புள்ளி எத்தனை முறை கடந்தால் ஒரு குதிப்பு வருகிறது என்று பார்த்தேன். மூன்று சுற்று, ஒரு குதிப்பு. மறுபடி மூன்று சுற்று, ஒரு குதிப்பு. எப்போதாவது இரண்டு.

கீறலால் வரும் திக்கல் இப்படி இருக்காது. அது ஒரே வரியில் மாட்டிக்கொண்டு, கை வைத்துத் தள்ளும்வரை அதையே அரைத்துக்கொண்டிருக்கும். இங்கே பாட்டு முன்னேறுகிறது, ஆனால் மூன்று அடி வைத்து ஓர் அடி சறுக்குகிறது. உரிமையாளர் சொன்னது இதைத்தான்: ரெண்டு வார்த்தை போகும், கடைசி வார்த்தை திரும்ப வரும்.

அப்போதுதான் கணக்குப் போட்டேன். முதல் தட்டில் கால் அங்குலத்துக்கு 24 தடங்கள், அங்குலத்துக்கு 96. ஒரு சுற்றுக்கு ஊசி உள்ளே போக வேண்டிய தூரம் 0.265 மி.மீ. கொம்பு நகர்வதோ 0.169. சுற்றுக்குச் சுற்று கொம்பு கிட்டத்தட்ட 0.1 மி.மீ. பின்தங்குகிறது. மீதித் தூரத்தை அடாப்டரின் கை சுழன்று ஈடுகட்ட வேண்டும். கை எங்கோ முட்டி நின்றுவிட்டால்? ஊசி கொம்பின் வேகத்தில்தான் போக முடியும். தடம் அதைவிட வேகமாக உள்ளே ஓடுகிறது. ஊசி சுவரில் ஏறி ஒரு தடம் வெளியே விழும். விழுந்ததும் 0.265 மி.மீ. கடன் தீர்ந்துவிடும். அடுத்த கடன் சேர எத்தனை சுற்று? 0.265-ஐ 0.096-ஆல் வகுத்தால் 2.8. மூன்று சுற்றுக்கு ஒரு குதிப்பு, நடுவில் எப்போதாவது இரண்டு.

இரண்டாவது தட்டு அங்குலத்துக்கு 80 தடங்கள் கொண்டது. அதில் கடன் சுற்றுக்கு 0.15 மி.மீ., வேகமாகச் சேர்கிறது. அதனால்தான் அது சீக்கிரம் திக்கியது. தட்டுக்குத் தட்டு நேரம் மாறியதற்குத் தட்டின் நிலை காரணமே அல்ல. தடம் எவ்வளவு நெருக்கம் என்பதுதான் காரணம்.

சரிபார்க்க இரண்டு காரியம் செய்தேன். கொம்பின் ஓரத்தில் காகித அளவுகோல் ஒட்டி, தட்டில்லாமல் 3 நிமிடம் ஓட விட்டேன். நிமிடத்துக்கு 78 சுற்று வேகத்தில் மொத்தம் 234 சுற்று. 40 மி.மீ. நகர்ந்தது, கணக்கு சொல்வதும் அதேதான். பிறகு தட்டைப் பாட விட்டு, இந்த முறை தட்டைப் பார்க்காமல் அடாப்டரின் கையைப் பார்த்தேன். இரண்டு தட்டிலும், வேறு வேறு நேரத்தில், ஆனால் ஒரே கோணத்தில் கை நின்றது. நேர்கோட்டிலிருந்து உள்பக்கம் 7 பாகை. அந்த நீளக் கைக்கு அது 13 மி.மீ. சொச்சம். முதல் தட்டுக்கு 140 சுற்று, 1 நிமிடம் 48 நொடி. இரண்டாவதற்கு 91 சுற்று, 1 நிமிடம் 10 நொடி.

மூட்டைக் கழற்றினேன். உள்ளே துணிப் பட்டை சுற்றியிருந்தது. குழாய்க்கும் கொம்பின் வாய்க்கும் நடுவே காற்றுக் கசிந்தால் அடித்தொனி போய் ஓசை தகரம் மாதிரி ஆகும். அதை அடைக்க யாரோ பட்டையைச் சுற்றியிருக்கிறார்கள். அவர்கள் காதில் அது நன்றாகவே கேட்டிருக்கும். ஆனால் பட்டையைச் சுற்றிய திசையால், கை வெளிப்பக்கம் திரும்பும்போது சுற்று தளர்ந்தது, உள்பக்கம் திரும்பும்போது முறுக்கேறி ஆப்பு மாதிரி இறுகியது. நான் முதல் நாள் கையால் அசைத்தது வெளிப்பக்கம்.

செய்தது

பட்டையை எடுத்தேன். பச்சைப்பிடித்த பித்தளையை மிக நயமான பூச்சால் தேய்த்து, இரண்டு பரப்பும் ஒன்றில் ஒன்று இழைந்து அமரும்படி செய்தேன். இடைவெளிக்குக் கெட்டியான கிரீஸ் ஒரு படலம். காற்றையும் அடைக்கும், சுழலவும் விடும். இப்போது கை இரு பக்கமும் 30 பாகைக்கு மேல் தடையில்லாமல் போகிறது.

இதோடு நின்றாலே பாடியிருக்கும். ஆனால் கணக்கு இன்னொன்றையும் காட்டியது. 96 தடத் தட்டு முடியும்போது கடன் 22 மி.மீ., 80 தடத் தட்டானால் 35. கையை நேராக வைத்துத் தொடங்கினால் முடிவில் அது அவ்வளவு தூரமும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். சவ்வு தடத்தோடு இணையாக நிற்க வேண்டும் என்று பார்த்தோம். 35 மி.மீ. சாய்வில் அது 18 பாகைக்கு மேல் தப்பும். கடைசி வரிகளில் ஓசை மங்கும், ஊசி ஒரு சுவரை மட்டும் அழுத்தும். ஆகவே தொடக்கத்திலேயே கையைப் பாதிக் கடனுக்கு வெளிப்பக்கம் சாய்த்து வைக்க வேண்டும். நடுப்பாட்டில் நேராகும், முடிவில் அதே அளவு உள்ளே சாயும். பிழை இரண்டாகப் பிரிந்து இரு பக்கமும் ஏறத்தாழ 9 பாகையில் அடங்கிவிடும்.

1920-களின் நடுவிலிருந்து வந்த தட்டுகளில் இன்னொரு பொறி உண்டு. பாட்டு முடிந்ததும் தடம் ஒரே சுற்றில் லேபிளை நோக்கி வேகமாகப் பாயும், பிறகு மையம் தப்பிய ஒரு வட்டத்தில் ஊசியை முன்னும் பின்னும் ஆட்டும். தானாக நிற்கும் கருவிக்காக வைத்தது. எடிசன் கொம்புக்கு அந்த ஆட்டம் தெரியாது, எல்லாவற்றையும் சிறு கைதான் தாங்க வேண்டும். அதனால் சாய்வில் கொஞ்சம் மிச்சம் வைத்து, கொம்பின் கழுத்தில் சிறு கோடு போட்டுக்கொடுத்தேன்: கையை இந்தக் கோட்டுக்குக் கொண்டுவந்துவிட்டு ஊசியை இறக்கு. பாட்டு முடிந்ததும் லீவரைத் தூக்கு, காத்திருக்காதே.

இந்தக் கணக்கைப் போட்டபோது எனக்கு எடிசனின் உருளைகள்தான் ஞாபகம் வந்தன. 1908-இல் 4 நிமிட உருளை வந்தபோது, 2 நிமிட இயந்திரம் வைத்திருந்தவர்களுக்கு அந்தக் கம்பெனியே மாற்றுப் பாகம் விற்றது. பழைய உருளையில் அங்குலத்துக்கு 100 தடம், புதியதில் 200. வேகம் இரண்டிலும் 160. அந்த மாற்றுப் பாகத்தில் நகர்வைப் பாதியாக்கும் பற்சக்கரமும் இருந்தது, மெல்லிய தடத்துக்கான தனி ரிப்ரொடியூசரும், அதாவது முனையும் சவ்வும் கொண்ட தலையும், இருந்தது. முனை, நகர்வு இரண்டையும் சேர்த்து மாற்றினார்கள். பெயரில்லாத இந்த நிக்கல் அடாப்டர் திசையையும் முனையையும் மாற்றியது. நகர்வை மட்டும் ஒரு சுழல் மூட்டின் தலையில் கட்டிவிட்டது. மூட்டு உயிரோடு இருக்கும்வரை அது போதும்.

விளைவு

19 அரக்குத் தட்டுகளில் 17 முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை பாடின. ஒன்றில் முன்பே திக்கித் திக்கி அரைத்த இடம் சாம்பல் பட்டையாகத் தெரிகிறது, அங்கே இரைச்சல் வரும், அதைத் திருத்த முடியாது. மீதி இரண்டில் ஒன்று விரிசல். இன்னொன்றின் நடுத் துளை மையம் தப்பியது. பாடும், ஆனால் சுருதி அலையும்.

எட்டு எடிசன் தட்டுகளுக்கு அடாப்டரைக் கழற்றிவிட்டு இயந்திரத்தின் சொந்த ரிப்ரொடியூசரை மாட்டினேன். வேகத்தை 78-இலிருந்து 80-க்கு ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். அந்த இயந்திரம் எதற்காகப் பிறந்ததோ அதைச் செய்யும்போது கேட்பது தனி சுகம். ஊசி இரைச்சல் குறைவு, குரல் அறைக்குள் ஆள் நிற்பது போல வருகிறது.

விளிம்பிலிருந்து தொடங்கும் பாத்தே தட்டு இரண்டுக்கும் அடாப்டரின் சவுண்ட் பாக்ஸைத் திருப்பி, சபையர் முனை போட்டேன். சபையரை முதலில் லென்ஸில் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் உடைந்த சபையர், உளி. பாடின, நல்ல சத்தமாகவே. கூடவே ஒரு உறுமலும் வந்தது. டர்ன்டேபிளின் அச்சுத் தண்டு உட்காரும் இடத்தில் எண்ணெய் வற்றியிருந்தது. பக்கவாட்டுத் தட்டில் அந்தச் செங்குத்து அதிர்வு அவ்வளவாகக் கேட்காது. மேடு-பள்ளத் தட்டில் அதுவும் பாட்டாகிவிடும். எண்ணெய் விட்டதும் உறுமல் அடங்கியது.

பொறித்த எழுத்துள்ள மற்ற இரண்டு பாத்தே தட்டுகளின் தடம் நடுவிலிருந்து வெளியே போகிறது. எடிசன் கொம்போ உள்ளே வருவதை மட்டுமே அறிந்தது. ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே. சுற்றுக்கு 0.1 மி.மீ. கடனையே ஈடுகட்டத் திணறிய கை, இரண்டு நகர்வின் கூட்டுத்தொகையை எங்கே சுமக்கும்? அவற்றை இன்றைய டர்ன்டேபிளில், ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜில், அகல முனை போட்டு நகலெடுத்தேன். இரண்டு சானல்களில் ஒன்றின் ஒலி அலையைத் தலைகீழாக்கி ஒன்றாகச் சேர்த்தால் பக்கவாட்டு அசைவு ரத்தாகி, மேடு-பள்ள அசைவு மட்டும் நிற்கும். நடுவிலிருந்து வெளியே போகிற ஊசியைப் பார்ப்பது எனக்கு இன்னும் பழகவில்லை.

உரிமையாளருக்கு ஒரு ஆசை மிச்சமிருந்தது. உறவினர் வீட்டில் இருக்கும் பக்கவாட்டு கிராமபோனில் எடிசன் தட்டுகளைப் போட ஓர் அடாப்டர் கிடைக்குமா? கிடைக்கும், அன்றும் விற்றார்கள். நான் செய்துதர மறுத்தேன். வைர முனை வைத்தாலும், அங்கே நகர்த்தும் பற்சக்கரம் கிடையாது. 0.17 மி.மீ. இடைவெளியில் நிற்கும் அந்தச் சுவர்தான் டோன் ஆர்மையும் சவுண்ட் பாக்ஸையும் இழுத்துக்கொண்டு போக வேண்டும். பாடும். எத்தனை தடவை என்பதுதான் கேள்வி. 45 சுற்று வினைல் தட்டுகளையும் கேட்டார், அவற்றின் பெரிய துளைக்கு நடு வளையம் தன்னிடம் இருக்கிறதாம். துளை 38 மி.மீ., வளையம் பொருந்தும். ஆனால் சில கிராம் எடைக்காகச் செய்த பள்ளத்தின் மேல் 140 கிராம் எஃகு. வினைலில் கல்தூளும் இல்லை, ஊசி தேயாது, தட்டுதான் தேயும். அதற்கு ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து

மறுபடி தொலைபேசி. "திரும்பத் திக்குது தம்பி."

இந்த முறை முதலில் கேட்டேன்: "எத்தனை சுற்றுக்கு ஒரு தடவைங்க ஐயா?"

"சுத்து எல்லாம் இல்ல. ஒரே இடத்துல நிக்குது. கொரகொரன்னு வேற கேக்குது."

போய்ப் பார்த்தேன். கை கோட்டிலிருந்து சரியாகத் தொடங்கியது, மூட்டு வழுக்கியது, கீல் அசைந்தது. ஊசியைக் கழற்றி லென்ஸில் வைத்தேன். முனை என்று ஒன்று இல்லை, உளி வாய் மாதிரி பட்டையாக இருந்தது. எத்தனை தட்டு போட்டீர்கள் என்றேன். கொஞ்சம் யோசித்து, விருந்தாளிகள் வந்த அன்று முழுக்க அதே ஊசிதான் என்றார். புதுசு மாதிரியே இருந்ததாம், தூக்கிப்போட மனசு வரவில்லையாம்.

புது ஊசி மாட்டினேன். பாட்டு ஓடியது. கிளம்பும்போது இயந்திரத்தின் பக்கத்தில் ஊசி டப்பாவோடு காலி டப்பா ஒன்றையும் வைத்தேன், மூடியில் ஒரு ஊசி மட்டும் நுழையும் அளவுக்குத் துளை போட்டு.